முக்கால் அங்குலம்

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு என்னென்ன வேலை பார்த்தேன் என்று கேட்டால் வரிசையாகச் சொல்ல வராது. லாரியில் கிளீனர், செங்கல் சூளையில் கூலி, பல்லாவரத்தில் பரோட்டா மாஸ்டர், நடுவில் சில மாதங்கள் ஒன்றும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சோறு கிடைத்த இடத்தில் இருந்தேன், கிடைக்காத இடத்திலிருந்து கிளம்பினேன். சில சமயம் கிடைத்த இடத்திலிருந்தும் கிளம்பினேன், கால் நிற்காது. நான் அதிக நாள் இருந்த இடம் என்றால் ஒன்றுதான். தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் டைப்பிங் சென்டர். தொண்ணூறுகளின் நடுவில், இரண்டு வருடமும் சில மாதங்களும். அங்கிருந்து எப்படிப் போனேன் என்று இதுவரை யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை.

பரோட்டா போட்டுக்கொண்டிருந்தபோது சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போவேன். படிப்பு ஆசை எல்லாம் இல்லை. அங்கே மின்விசிறி இருந்தது. அடுப்பு முன்னால் நின்றுவிட்டு வருகிறவனுக்கு அது பெரிய விஷயம். லோயர் பரீட்சை எழுதவில்லை, ஆனால் விரல்கள் பழகிவிட்டன. அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் சென்டரில் சேர்ந்தேன். முதலாளி ஏதோ ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிழக்குத் தாம்பரத்தில் காலனி வீடு. ஒரு பக்கம் அடிக்கச் சொன்னார். அடித்தேன். "மீனிங் தெரியுமா?" என்றார். "தெரியாது சார்" என்றேன். "அதான் நல்லது. மீனிங் தெரிஞ்சவன் சொந்தமா ஒண்ணு சேப்பான்" என்று சொல்லி, மறுநாளிலிருந்து வரச் சொன்னார்.

எங்களுக்கு வந்த வேலையில் முக்கால்வாசி ஆராய்ச்சிப் படிப்பு தீசிஸ். மண்புழு பற்றி அடித்திருக்கிறேன், தோல் பதனிடும் தண்ணீர் பற்றி அடித்திருக்கிறேன், ஏரிகளின் கணக்கு பற்றி அடித்திருக்கிறேன். எதுவும் புரிந்ததில்லை. ஆனால் எழுத்துப் பிழை குறைவாகத்தான் வரும். அந்த வேலையில் எழுத்தைவிட அமைப்புதான் தலைவலி. ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஒரு விருப்பம். ஒருவருக்குத் தலைப்பு நடுவில் இருக்க வேண்டும், இன்னொருவருக்கு இடது ஓரத்தில். ஒருவர் வரிகளுக்கு நடுவே இரட்டை இடைவெளி கேட்பார், இன்னொருவர் ஒன்றரை போதும் என்பார். மாணவன் யார் என்பதை நாங்கள் பார்க்க மாட்டோம், வழிகாட்டும் பேராசிரியர் யார் என்றுதான் பார்ப்போம். அவரைக் கைடு என்போம். கைடுக்கு ஒரு ஃப்ளாப்பி என்பது கடை வழக்கம். அந்த ஃப்ளாப்பியில் எழுத்து எதுவும் இருக்காது. அவர் விரும்பும் அமைப்பு மட்டும் இருக்கும்.

அந்த வழக்கத்தைக் கடையில் கொண்டுவந்தவள் என்னோடு டைப்பிங் பார்த்த ஒரு பெண். எனக்கு முன்பே ஒரு வருடம் அங்கே இருந்தாள். என் வயதுதான் அவளுக்கும், ஓரிரு மாதம் முன்பின் இருக்கும். படப்பையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். நான் சேர்ந்த முதல் வாரம், ஒரு தீசிஸில் ஒவ்வொரு தலைப்பாகப் போய்ப் பெரிதாக்கி, கறுப்பாக்கி, நடுவில் தள்ளிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னா மாஸ்டர், ஒண்ணொண்ணா புடிச்சி உருட்டினுகீற? நாப்பது தலைப்பு கீது அதுல. நாளைக்கி கைடு எல்லாத்தையும் சின்னது பண்ணுன்னா இன்னா பண்ணுவ?"

"திரும்பப் பண்ணுவேன்."

"அதுக்குள்ள உனக்குத் தல நரைச்சிடும். நவுரு."

நான் பரோட்டா போட்டவன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அன்றிலிருந்து போகும்வரை அவளுக்கு நான் மாஸ்டர்தான்.

ஒரு தலைப்பை எப்படி இருக்க வேண்டுமோ அப்படிச் செய்துவிட்டு அதற்கு ஒரு பெயர் வைத்துவிட வேண்டும், அதைத்தான் ஸ்டைல் என்பார்கள் என்றாள். பிறகு எந்தத் தலைப்பில் போய் அந்தப் பெயரைச் சொன்னாலும் அது அப்படியே ஆகிவிடும். நாளைக்கு மாற்ற வேண்டும் என்றால் பெயரில் மாற்றினால் போதும், நாற்பதும் தானாக மாறும். அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம். ஒரு ஃபைலில் வைத்த ஸ்டைல்களை வேறொரு ஃபைலுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். அதற்கு ஒரு பெட்டி திறக்கும். இடப்பக்கம் இந்த ஃபைலின் பெயர்கள், வலப்பக்கம் அந்த ஃபைலின் பெயர்கள். வேண்டியதைத் தொட்டு நடுவிலிருக்கும் பொத்தானை அழுத்தினால் இங்கிருந்து அங்கே போய்விடும். ஊர் ஊராகத் திரிந்தவனுக்கு அது விசித்திரமாக இருந்தது. ஒரு இடத்தில் இருந்த மாதிரியே இன்னொரு இடத்திலும் இருக்கலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பெயர்களை அவள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக வைத்திருந்தாள். அத்தியாயத் தலைப்புக்குத் தலை. உள்தலைப்புக்குத் தோள். சாதாரணப் பத்திக்கு உடம்பு. அடிக்குறிப்புக்குக் கால். அடுத்தவர் எழுதியதை மேற்கோளாக எடுத்துப் போடும் பத்தி, இருபுறமும் உள்ளே தள்ளி நிற்கும். அதன் பெயர் மடி.

"மடின்னா?"

"வேற யாரோ பெத்த புள்ள. நாம தூக்கினு வந்து குந்த வெக்கறோம். அப்ப மடிதான?"

எல்லா ஃப்ளாப்பியிலும் இதே ஐந்து பெயர்கள்தான். அளவுகள் மட்டும் கைடுக்குக் கைடு மாறும். அவளிடம் கற்றுக்கொண்டதால் நானும் அதே பெயர்களையே வைத்தேன். வேறு பெயர் வைக்க எனக்குத் தோன்றக்கூட இல்லை. ஒரே ஒரு வித்தியாசம். அவளுடைய மடி அரை அங்குலம் உள்ளே இருக்கும். நான் என் மெஷினில் முக்கால் அங்குலம் வைப்பேன். அப்படித் தனியாக நின்றால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"புள்ளய மடிலேர்ந்து கீழ தள்ளிட்டான் பாரு" என்பாள். கைடுக்குப் போகும்முன் அதைத் திருத்தி அரை அங்குலம் ஆக்கிவிடுவாள். நான் அடுத்ததில் மறுபடி முக்கால் வைப்பேன். அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது.

மதியம் அவள் டிபன் பாக்ஸின் மூடியில் பாதிச் சோற்றை எனக்குக் கொட்டுவாள். நான் அப்போது பொழிச்சலூரில் ஒரு ஓட்டு அறையில் இருந்தேன். தலைக்கு மேல் விமானம் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அந்தப் பழக்கத்தில் தாம்பரத்திலும் பேச்சின் நடுவே நின்றுவிடுவேன். "பிளேன் போயிடுச்சி, பேசு" என்பாள். இப்படித்தான் ஆரம்பித்தது. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள், "சர்ச்சுக்கு வருவியா?" என்று கேட்டாள். "சோறு போட்டா எங்க வேணா வருவேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "படப்பை கட வரட்டும். அப்புறம் அம்மாகிட்ட சொல்றேன்" என்றாள்.

படப்பைக் கடை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். அவளுடைய அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. காலையில் துடைத்து, சோறு ஊட்டி, தலைமாட்டில் தண்ணீர் வைத்துவிட்டுக் கிளம்புவாள். பக்கத்து வீட்டு அக்கா வேலைக்குப் போய் வந்து மூன்று மணிக்குத்தான் எட்டிப் பார்ப்பார். அதுவரை அந்த அம்மா தனியாகக் கிடக்க வேண்டும். கை தட்டித் தண்ணீர் கொட்டிவிட்டால் மூன்று மணிவரை தொண்டை காய வேண்டியதுதான். படுத்த பக்கமே படுத்து முதுகில் புண் வந்திருந்தது. மதியம் ஒரு தடவை போய்ப் புரட்டிப் படுக்க வைத்தாலே ஆறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாம்பரத்திலிருந்து மதியம் போய்வர முடியாது.

படப்பை, ஒரகடம் பக்கமெல்லாம் கம்பெனிகள் வர ஆரம்பித்த சமயம் அது. முதலாளிக்குப் படப்பை மார்க்கெட் பக்கம் தெரிந்தவரின் அறை ஒன்று காலியாக இருந்தது. அங்கே ஒரு கிளை போட்டு இவளையே பார்த்துக்கொள்ளச் சொல்வதாகப் பேச்சு. இவள் ஆறு மாதம் கேட்டுக் கேட்டு நடந்தது அது. கடைசியில் அவர் சொன்னார்:

"இந்த ஒரு தீசிஸ் ஒழுங்கா போகட்டும்மா. இந்த கைடு ரொம்ப ஸ்ட்ரிக்ட். திருப்தியா இருந்தா அவரோட ஸ்டூடண்ட்ஸ் எல்லாரையும் நம்மகிட்டயே அனுப்பறேன்னிருக்கார். அனுப்பினார்னா அடுத்த மாசம் படப்பைல போர்டு மாட்டிடலாம்."

அந்தத் தீசிஸ் கோவிலம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியருடையது. வாரத்துக்கு இரண்டு தடவை சைக்கிளில் வந்து திருத்தம் கொடுப்பார். சாதுவான மனிதர். ஆறு அத்தியாயம், இரட்டை இடைவெளியில் இருநூற்று அறுபது பக்கத்துக்குமேல். அவள் தன் மெஷினில் ஐந்து அத்தியாயம் அடித்தாள். ஐந்தாம் அத்தியாயம் மட்டும் என்னிடம் வந்தது. அதில்தான் மேற்கோள்கள் அதிகம். அது எத்தனை பக்கம் வரும் என்று முன்பே ஒரு தடவை அவள் தன் ஃபைலில் ஓட்டிப் பார்த்துக் கணக்கு எடுத்திருந்தாள். அந்தக் கணக்கை வைத்து வெள்ளிக்கிழமையே பொருளடக்கத்தை அடித்து பிரிண்ட் எடுத்தாயிற்று. முன்பக்கங்களில் கைடும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஐந்தாம் அத்தியாயத்தில் கடைசியாகச் சில சொல் திருத்தங்கள்தான் பாக்கி. செவ்வாய்க்கிழமை ஒப்படைக்கக் கடைசி நாள்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா ஏதோ கல்யாணத்துக்குப் போவதால் அவள் மதியமே கிளம்ப வேண்டியிருந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு என் மெஷின் பக்கம் வந்தாள்.

"திருத்தம் முடிச்சதும் ஃப்ளாப்பில போட்டு என் டேபிள் மேல வெச்சிடு. திங்கக்கெழம வந்து நான் சேத்துக்கறேன். என் ஃபைல தொடாத மாஸ்டர்."

"தொட்டா இன்னா ஆவும்? ஷாக் அடிக்குமா?"

"அடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

மூன்று மணிக்குத் திருத்தம் முடிந்தது. முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். ஃப்ளாப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். திங்கட்கிழமை அவள் வரும்போது வேலை முடிந்திருந்தால் எப்படி இருக்கும். அவளுக்கு நான் செய்தது என்று அதுவரை எதுவும் இல்லை. அவள் சோற்றைத் தின்றிருக்கிறேன், அவ்வளவுதான். அவள் மெஷினில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்து, ஐந்தாம் அத்தியாயத்தை உள்ளே சேர்த்தேன்.

சேர்த்தவுடன் என் அத்தியாயம் மாறிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே பெயர்கள் என்பதால், என் மடி அவளுடைய மடி மாதிரி அரை அங்குலத்துக்கு வந்து நின்றது. அது சரிதான். அப்படித்தான் வர வேண்டும். அப்படியே விட்டிருந்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்த அத்தியாயத்தில் மேற்கோள்கள் நிறைய. அவை தள்ளி நின்றால்தான் அழகு என்று பட்டது. அவளே பார்த்தால் இந்தத் தடவை ஒப்புக்கொள்வாள் என்றும் பட்டது. ஸ்டைல்களைத் தூக்கிப் போகும் அந்தப் பெட்டியைத் திறந்தேன். என் பக்கத்திலிருந்து மடியை மட்டும் எடுத்திருக்க வேண்டும். ஐந்து பெயரையும் சேர்த்துப் பிடித்து அழுத்தினேன். இதே பெயரில் அங்கே ஏற்கெனவே இருக்கிறது, அதன்மேல் எழுதவா என்று மெஷின் கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆம் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினேன்.

என் மெஷினில் உடம்பு ஒன்றரை இடைவெளி. காகிதம் மிச்சமாகட்டும் என்று திருத்தப் பிரதிக்கு அப்படி வைத்திருந்தேன். அது இப்போது அவளுடைய உடம்பின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. ஆறு அத்தியாயமும் ஒரே நொடியில் சுருங்கியிருக்கும். நான் ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் பார்த்தேன். மேற்கோள்கள் அழகாகத் தள்ளி நின்றன. சேமித்து மூடினேன்.

திங்கட்கிழமை நான் கடைக்குப் போனபோது எட்டு மணி. ஆசிரியர் எனக்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தார். முதலாளி பிரிண்டரைப் போட்டுவிட்டார். பத்து மணிக்குக் கரண்ட் போகும் என்று தகவல், பைண்டிங்காரர் ஒன்பதரைக்குள் கொடுத்தால்தான் ஜெராக்ஸ் போட்டு ஐந்து பிரதியாக மறுநாள் காலை தருவேன் என்றிருந்தார்.

"ஃபிஃப்த் சாப்டர் சேத்தாச்சா? அவ வந்துதான் சேக்கணும்னாளே" என்று முதலாளி கேட்டார்.

"சேத்தாச்சு சார். சனிக்கிழமையே முடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் பொய் என்றுகூடத் தோன்றவில்லை. படப்பைக் கடைக்காக அவள் அலைந்துகொண்டிருந்தாள், நல்ல பெயர் அவளுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். நான் யாருக்காவது ஏதாவது விட்டுக் கொடுத்தது அது ஒன்றுதான்.

முதலாளி பிரிண்ட் எடுத்தார். முடிந்தபோது, வாங்கி வைத்த காகிதத்தில் நிறைய மிச்சம். "பரவால்லயே" என்று மிச்சத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். வெள்ளிக்கிழமை எடுத்த முன்பக்கங்களை மேலே வைத்துக் கட்டி ஆசிரியரிடம் கொடுத்தார். அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு பைண்டிங்குக்கு ஓடினார். ஒன்பதே முக்காலுக்கு அவள் வந்தாள்.

"அதுக்குள்ள எடுத்துட்டீங்களா சார்? ஒரு தபா பாக்கலாம்னு இருந்தேன்."

"எல்லாம் பார்த்தாச்சும்மா. பர்ஃபெக்ட்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவளும் கொஞ்சம் சிரித்தாள். தொட்டுவிட்டான் என்று புரிந்துகொண்டாள், ஆனால் சரியாகத்தான் செய்திருப்பான் என்று நம்பினாள். அந்தச் சிரிப்பை நான் மறக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருடமாக நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஆசிரியர் திரும்பி வந்தார். கறுப்பு அட்டையில் தங்க எழுத்து போட்ட ஐந்து பிரதிகளையும் துணிப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். கத்தவில்லை. "ஆறாம் அத்தியாயம் இருநூத்தி முப்பதுன்னு போட்டிருக்கு சார். உள்ள பார்த்தா நூத்தி எழுபத்தஞ்சுல வருது. ரெண்டாம் அத்தியாயத்துலேர்ந்தே எதுவும் சேரல. வரி இடைவெளியும் ரூல்படி இல்லயாம். கைடு என் மூஞ்சிக்கு நேராவே அட்டைய மூடிட்டார்" என்றார். திருத்திப் புதிதாக பிரிண்ட் எடுத்து, பைண்ட் செய்து, முன்பக்கத்தில் மறுபடி கையெழுத்து வாங்கி அன்றே ஒப்படைக்க வழியில்லை. அவருக்கு ஆறு மாதம் தள்ளிப் போய்விட்டது. அந்தக் கைடு இனி ஒரு மாணவனையும் இந்தப் பக்கம் அனுப்பமாட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? சனிக்கிழமை நீதானே முடிச்சிட்டுப் போன?"

அவள் மெஷினுக்குப் போய் ஃபைலைத் திறந்தாள். ஸ்டைல் பட்டியலைத் திறந்தாள். நான் என் நாற்காலியில்தான் இருந்தேன், கைகள் கீபோர்டின் மேல். அவள் ஒவ்வொரு பெயராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். மடியில் வந்து நின்றாள். திரையில் அளவு தெரிந்தது. முக்கால் அங்குலம். அந்தக் கடையில் முக்கால் அங்குலம் வைக்கிறவன் ஒருவன்தான்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் பேசுவதற்கு இடம் விட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. அவ்வளவு நேரம் ஒரு பட்டியலைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. பிறகு எழுந்து, "என் ஃபைல் சார். நான்தான் பாத்திருக்கணும்" என்றாள்.

"பாத்திருக்கணும்னா? இத நம்பித்தானே படப்பை மேட்டரே பேசினேன். போ, அது அவ்ளோதான்."

சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். முதலாளியின் கோபம் கொஞ்சம் இறங்கட்டும் என்று. சாயங்காலம் அவர் இன்னும் கோபமாக இருந்தார். புதன்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். எனக்குள் ஒரு வாதம் ஓடியது. நான் சொன்னால் என்னை அனுப்பிவிடுவார். அனுப்பினால் மறுபடி அடுப்பு, மறுபடி லாரி. இரண்டு பேரில் ஒருவராவது உள்ளே இருந்தால்தானே நாளைக்கு இன்னொருவருக்கு உதவ முடியும் என்றெல்லாம் யோசித்தேன். பயந்தவன் எவ்வளவு நன்றாக யோசிப்பான் என்று அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டேன்.

அவள் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வந்தாள். முதலாளி அவளுக்கு வேலை கொடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை மதியம் வழக்கம்போல மூடியில் சோற்றைக் கொட்டி என் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டேன். அதையும் சாப்பிட்டேன். வியாழக்கிழமையும் தள்ளினாள். வெள்ளிக்கிழமை டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. நான்கு மணிக்கு முதலாளி அவளைக் கூப்பிட்டு, அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்றார். "சரி சார்" என்று மட்டும் சொன்னாள். தான் செய்த ஃப்ளாப்பிகளை எடுத்துக்கொள்ளவில்லை. மருந்துக் கடை வாசல்வரை இறங்கிப் பின்னால் போனேன். பஸ் வந்தது, ஏறிவிட்டாள். நான் மாடிக்குத் திரும்பி ஏறினேன்.

அதன் பிறகு இரண்டு மாதம் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். ஒவ்வொரு புது தீசிஸ் வரும்போதும் அவள் ஃப்ளாப்பியைப் போட்டுத் தலையையும் தோளையும் உடம்பையும் மடியையும் காலையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். விரல் பழைய பெயரையே தேடியது. ஒரு திங்கட்கிழமை பொழிச்சலூர் அறையைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். முதலாளியிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒன்றரை வருடம் ஓசூர், சேலம் என்று சுற்றினேன். டைப்பிங் வேலை கிடைத்த இடத்தில் அதைச் செய்தேன், கிடைக்காத இடத்தில் மூட்டை தூக்கினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் இறங்கி, படப்பை பஸ் பிடித்தேன். சொல்லிவிட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். சொன்ன பிறகு என்ன என்று யோசிக்கவில்லை.

விசாரித்துப் போனேன். ஓலையும் ஓடும் கலந்த வீடு. அவள் சர்ச்சிலிருந்து வந்து, புடவை மாற்றாமல் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

"எங்க இந்தப் பக்கம்?"

"ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்."

"தெரியும்."

"இல்ல, அன்னிக்கி சனிக்கிழம…"

"தெரியும்னேனே. மூணு நாள் வந்து சும்மா குந்தினு இருந்தேன். எதுக்குன்னு நெனச்ச? வூட்ல வேல இல்லாமயா?"

 அவள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே யாரும் படுத்திருக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"அம்மா?"

"போயி ஆறு மாசம் ஆச்சு." வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தாள். "அங்கேர்ந்து நின்னப்புறம் பல்லாவரத்துல தோல் கம்பெனில சேந்தேன். இன்னும் தூரம். ஆறு மணிக்கே போவணும். மத்தியானத்துலதான் போயிருக்காங்க. மூணு மணிக்கி அக்கா வந்து பாத்துச்சாம். எனக்குக் கம்பெனிக்கு போன் வந்தப்போ நாலரை."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்திருக்க வேண்டும். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உன்னால போனாங்கன்னு சொல்லல. படப்பை கட இருந்திருந்தாலும் போயிருப்பாங்களோ இன்னாவோ. அது கர்த்தருக்குத்தான் தெரியும். ஆனா நான் இருந்திருப்பேன்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. கடையில் பேசுகிற அதே குரல்தான். அதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்பது என்றால் எதற்குக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. சொம்பைத் திண்டின்மேல் வைத்தேன்.

"சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

"சாப்ட்டேன்" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

"ஒண்ணேகாலுக்குத் தாம்பரம் பஸ் கீது. அத உட்டா ரெண்டரதான். கெளம்பு."

கிளம்பினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் காலி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள். மார்க்கெட் நிறுத்தத்தில் ஒன்றேகால் பஸ் என் கண் முன்னால்தான் வந்து நின்று போனது. ஏறவில்லை. அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் கடையும், ஷட்டர் இறக்கிய ஓர் அறையும் இருந்தன. கிளை போடப் பேசிய அறை அதுதானா என்று யாரிடமும் கேட்கவில்லை. அவள் வீட்டு வாசலிலிருந்து அங்கே நடந்து வர எனக்கு நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது. இரண்டரைவரை வெயிலில் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.